வெட்டாமல் விட்ட அழைப்பு

அடுப்படியில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

ஹஃப்சாவின் வீட்டில் ஏசி கிடையாது. கோட்டைப்பட்டினத்தில் அவள் இருந்த தெருவில் எந்த வீட்டிலுமே கிடையாது. ஆனால் அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்தத் தெருவோடு நடந்து போனால் ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி இரையும். ஒரு வீட்டில் தம்மாம், ஒரு வீட்டில் ரியாத், எதிர் வீட்டில் குவைத். அங்கே ஆண்கள் டூட்டி முடிந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு போனைச் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள். இங்கே பெண்கள் ஃபிரிட்ஜ் மேலே போனை நிறுத்திவிட்டு மீன் கழுவுவார்கள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. எத்தனை வருஷத்துக்குத்தான் சாப்டீங்களா, தூங்குனீங்களா என்று கேட்டுக்கொண்டிருப்பது? வீடியோ கால் பாட்டுக்கு ஓடும். அவர்கள் அறையின் ஏசி இரைச்சல் இங்கே வரும், இவர்கள் வீட்டுக் குக்கர் விசில் அங்கே போகும். அந்தத் தெருவில் பாதிப் பேர் குடும்பம் நடத்துவது அப்படித்தான்.

அதற்கு ஒரு முறையும் உண்டு. அழைப்பை யாரும் முதலில் வெட்ட மாட்டார்கள். வெட்டினால் கோபம் என்று அர்த்தம். மனைவி வெட்டினால் புருஷன் மறுநாள் முழுக்க முறுக்கிக்கொண்டிருப்பான். புருஷன் வெட்டினால் மாமியார் வரைக்கும் பஞ்சாயத்து போகும். அதனால் வேலை முடிந்ததும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். நெட் போனால் அது தானாக அறுந்து விழும். விழாவிட்டால் விடியும்வரை ஓடும்.

ஆனால் இப்போது காலை பத்து மணி. இக்பால் தம்மாமில் காய்கறிக் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பான். போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஹஃப்சா செதில் ஒட்டிய கையோடு நின்று கேட்டாள். அதே இரைச்சல்தான். இடையிடையே தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு டக் டக்.

கூடத்தில் பாய் மேல் போன் குப்புறக் கிடந்தது. எடுத்தாள். இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. திரையில் மகள் சுமையாவின் படம் மட்டும் இருந்தது, எந்த ஆப்பும் திறந்திருக்கவில்லை. வலது மேல்மூலையில் மட்டும் கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. கேமராவோ மைக்கோ வேலை செய்தால் அந்தப் புள்ளி எரியும் என்று அவளுக்குத் தெரியும். கீழே மூன்று கோடு பட்டனை அழுத்தி, வரிசையாக நின்ற கார்ட்டூன், கேஸ் புக்கிங், கால் ஆப் எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டாள். இரைச்சல் நின்றது. புள்ளி கொஞ்ச நேரம் நின்று, யோசித்து அணைவதுபோல அணைந்தது.

மீனுக்கு மஞ்சள் போடுவதற்குள் மறுபடி இரைய ஆரம்பித்தது.

ஹஃப்சா எளிதில் பயப்படுகிறவள் இல்லை. கொல்லைச் சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்ட வந்த பெரிய மாமனாரை, மீன் வெட்டிக்கொண்டிருந்த அரிவாள்மனையோடு எழுந்து நின்று திருப்பி அனுப்பியவள். அவளுக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும், வாய் இல்லாத பிள்ளையை நரி தூக்கிக்கொண்டு போகும் என்பாள். அதனால் அன்று அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இக்பாலுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. மெமரி நிறைந்திருக்கும், பிள்ளை வீடியோவையெல்லாம் அழி என்றான். பிள்ளை வீடியோவை அழிப்பதற்கு உங்களை அழித்துவிடலாம் மச்சான் என்று இவள் பதில் போட்டாள்.

சுமையாவுக்கு மூன்று வயது. இக்பால் லீவு முடிந்து போன பிறகு பிறந்தவள். அவன் அவளைத் தொட்டதில்லை. அவளைப் பொறுத்தவரை அத்தா என்பது ஃபிரிட்ஜ் மேலே இருக்கிற ஒன்று. சோற்று உருண்டையை அண்ணாந்து ஊட்டுவாள். ஒருமுறை போன் கீழே விழுந்தபோது அதற்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவளுக்கு இரண்டு அத்தா இருந்தார்கள். பேசுகிற அத்தா, பேசாத அத்தா. நெட் மந்தமாகிப் படம் உறைந்து நிற்பதைத்தான் பேசாத அத்தா என்கிறாள் என்று ஹஃப்சா நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு ரசியா பேகத்திடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற நல்லதம்பியிடம் போனைக் கொடுத்தாள். அவன் மெமரியைப் பார்த்துவிட்டு, என்னக்கா போன் மூச்சுத் திணறுது என்றான். மேலே தள்ளிவிட்டால் ஆப் மூடிவிட்டது என்று ஊரே நினைக்கிறதாம், அது கண்ணுக்குத்தான் மறைகிறதாம், பின்னால் ஓடுவது ஓடிக்கொண்டுதான் இருக்குமாம். அமைப்புகளுக்குள் போய், பின்னணியில் ஓடுகிறவற்றின் பட்டியலைத் திறந்து காட்டினான். மெமரியில் பாதிக்கு மேல் அந்தக் கால் ஆப் ஒன்றே பிடித்திருந்தது. அதற்குள்ளே ஓர் அழைப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் மணி மட்டுமே நான்கு இலக்கம் இருந்தது. மேலே பெயர்: மச்சான் பழசு.

அது இக்பாலின் பழைய நம்பர். ஆறேழு மாதத்துக்கு முன் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடி, ஆட்களை வேறு கேம்ப்புக்கு மாற்றியபோது போனையும் நம்பரையும் மாற்றிக்கொண்டான். நல்லதம்பி சிரித்தான், ஆப்புக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்றான். ஹஃப்சா சிரிக்கவில்லை. அவன் 'உடனே நிறுத்து' என்பதை அழுத்தினான், பின்னணியில் ஓடும் அனுமதியை எடுத்தான், மைக், கேமரா இரண்டையும் மறுத்தான், மீந்து கிடந்த தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தான். பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததுபோல வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பைக்குள் இடுப்போரமாகச் சூடு ஏறியது. சந்தையில் கைவிட்டு எடுத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தாள். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை இக்பால் வழக்கம்போல் அழைத்தான். பழைய போன் எங்கே என்று கேட்டாள். திரை உடைந்துவிட்டது, பழைய ரூமிலேயே போட்டுவிட்டேன் என்றான். யாரிடம் என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான், தண்ணீர் குடித்தான். அவனைத் தெரிந்தவள் என்பதால் அந்தத் தண்ணீருக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

மேல் கட்டிலில் ஓர் ஆள் இருந்தாராம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாதாம். பேப்பர் எல்லாம் தொலைந்து ஊருக்குப் போக முடியாமல் கிடந்தாராம். யாருக்கும் அழைக்க மாட்டார், அவரையும் யாரும் அழைத்ததில்லை. இக்பால் குளிக்கப் போகும்போதும், ஓவர்டைம் என்று ஓடும்போதும், அசந்து தூங்கும்போதும், அழைப்பு அறுந்துவிடக் கூடாதே என்று போனை அந்த ஆள் கையில் கொடுத்துவிடுவானாம்.

"புள்ளயவே பாத்துக்கிட்டு இருப்பாரு, ஒரு வார்த்த பேச மாட்டாரு. பாவம்னுதான் ஹஃப்சா குடுத்தேன்."

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மவுத்தாகிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். போன் அவர் தலையணைக்கு அடியில் இருந்தது, இறந்தவர் படுக்கையில் கைவைக்க வேண்டாமே என்று விட்டுவிட்டு வந்துவிட்டான்.

ஹஃப்சாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. எத்தனை சாயங்காலம் நெட் மந்தம் என்று நினைத்து அந்தத் திரைக்கு முன்னால் தலைமுடி உலர்த்தியிருக்கிறாள்.

"தலையில துணி இல்லாம நின்னுருக்கேன். புள்ளைக்குப் பால் குடுத்துருக்கேன். நீங்கதான் பாக்குறீங்கன்னு நெனச்சு சிரிச்சிருக்கேன் மச்சான். யாரோ ஒரு ஆளப் பாத்தா நான் சிரிச்சேன்?"

இக்பால் மறுபடி பாவம் என்று ஆரம்பித்தான். ஹஃப்சா சிவப்புப் பட்டனை அழுத்தினாள். அவள் முதன்முதலாகப் புருஷனின் அழைப்பை வெட்டிய நாள் அதுதான். வெட்டிய பிறகு வீடு அமைதியாகவில்லை. ஃபிரிட்ஜ் மேலிருந்து ஏசி இரைந்துகொண்டே இருந்தது. சுமையா அண்ணாந்து பார்த்து, "பேசாத அத்தா இருக்காங்க" என்றாள்.

ஹஃப்சா போனை அணைத்தாள், எடுத்துப்போய் அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். அன்று இரவு நிம்மதியாகத்தான் தூங்கினாள்.

மறுநாள் கேஸ் புக் பண்ண வேண்டுமே என்று போனை எடுத்து ஆன் பண்ணியபோது ஏசி இரைச்சல் இல்லை. அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு காதில் வைத்தாள். சக்கரம் வைத்த பெட்டிகள் வழவழத்த தரையில் உருண்டுகொண்டிருந்தன. குழந்தை அழுதது. ஒரு பெண் ஒலிபெருக்கியில் ஏதோ அரபியில் சொன்னாள். அப்புறம், நிறுத்தி நிதானமாக, அதையே தமிழில் சொன்னாள். திருச்சி செல்லும் பயணிகள் வரிசையில் நிற்கவும்.

அவள் கை தானாகப் போனைத் தள்ளிப் பிடித்தது.

ரசியா பேகத்திடம் மட்டும் சொன்னாள். ரசியா பேகம் வயதில் மூத்தவள், அவள் புருஷன் குவைத்தில். எதையும் கேலி பண்ணுகிறவள் இதைக் கேலி பண்ணவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதிய தண்ணீர் வாங்கித் தந்தாள். போனைக் கடலில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போ என்றாள். ஹஃப்சாவின் அம்மா வீடு அறந்தாங்கியில். திருச்சியிலிருந்து வருகிற எதுவும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

கடலில் போடுவது பற்றி அவளும் யோசித்திருந்தாள். அணைத்து வைத்த ஒரே ராத்திரியில் அது தம்மாம் அறையை விட்டுக் கிளம்பி விமான நிலையத்துக்கு வந்துவிட்டது. சத்தம் கேட்டால் எங்கே இருக்கிறது என்றாவது தெரிகிறது. காதைப் பொத்திக்கொண்டால் வருகிறது வராமலா போகும்?

"நான் ஏன் போகணும் மதினி? இது நாங் கட்டுன வீடு, எம் புள்ள. வர்றதுதானே போகணும்?"

அதனால் போனை அணைக்காமல் வைத்துக்கொண்டாள். தினமும் நல்லதம்பி காட்டிய பட்டியலைத் திறந்து, அந்த ஆப்பை உடனே நிறுத்தினாள், அனுமதியை எடுத்தாள், அழித்தே பார்த்தாள். அழித்த இடத்தில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி அது மறுபடி இருந்தது. எடுத்த அனுமதியெல்லாம் யாரோ திரும்பக் கொடுத்திருந்தார்கள். மெமரி ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் நிறைந்தது. போன் எழுத்து அடிக்கவே திணறியது. இக்பாலின் அழைப்பு வந்தால் எடுப்பதற்குள் அறுந்தது.

ஒரு நாள் பஸ் சத்தம். என்ஜின் உறுமல், தகரம் அதிர்கிற கடகடப்பு, ஏதோ பழைய பாட்டு. கண்டக்டர் ஒருவர் கீரனூர் டிக்கெட் எல்லாம் வாங்கியாச்சா என்று கேட்டார், நார்த்தாமலை எறங்குங்க என்றார். ஏறுகிறவர்கள் சளசளத்தார்கள். இவ்வளவு சத்தத்துக்கும் நடுவே, போனுக்கு மிகப் பக்கத்தில், ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். மூக்கடைத்தவர் விடுகிற கனத்த மூச்சு. யாரும் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை.

"அத்தா பஸ்ல வாராங்க" என்றாள் சுமையா. அவளுக்கு ஒரே கொண்டாட்டம். புதுச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி அடம்பிடித்தாள்.

அன்றுதான் ஹஃப்சாவுக்கு எது போகப் போகிறது என்று புரிந்தது. பிள்ளைக்கு அத்தா என்றால் போனிலிருந்து வருகிறவர். போனிலிருந்து யார் வந்து கூப்பிட்டாலும் அவள் போவாள். இக்பாலே நேரில் வந்து நின்றால்கூட யாரோ என்று அழுவாள். ஆனால் வருகிற இதைப் பார்த்து அழ மாட்டாள்.

போனை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே வைத்துக்கொண்டாள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று பேசினாள்.

"கேளுங்க. ஒங்களுக்கு யாரும் இல்லைங்கறது பாவந்தான். நான் ஒங்களுக்கு யாசீன் ஓதச் சொல்றேன், நானே ஓதுறேன். அதுக்காக எம் புள்ள ஒங்க புள்ள ஆகாது. அங்கிட்டே எறங்கிக்கங்க. இங்கிட்டு வராதீங்க."

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. பஸ்ஸும் பாட்டும் மட்டும் கேட்டன. கேட்டுவிட்டது என்றே நினைத்தாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். புதுக்கோட்டை தாண்டி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மீமிசல், கோட்டைப்பட்டினம் போறவுங்க எல்லாம் இதுலயே உக்காருங்க என்றார்.

இறந்தவர்களுக்காக ஓதுகிற யாசீனை அவள் ஓதினாள், சொன்ன சொல் சொன்னதுதானே. ஓதி முடித்துவிட்டு வாசல் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. கொல்லைக் கதவுக்குக் குறுக்கே உலக்கையைக் கொடுத்தாள்.

புயல் சின்னம் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று மதியமே வானம் இருட்டிவிட்டது. மூன்று மணிக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது, போட்ட கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. படகெல்லாம் கரையேறியிருந்ததால் தெருவில் நடமாட்டம் இல்லை. மழை சாய்வாக வந்து ஜன்னல் கதவில் அறைந்தது. கடல் காற்றில் அழுகிய பாசி நாற்றம், அதோடு வேறு ஒரு நாற்றம், நாள்பட்ட போர்வையும் தைலமும் கலந்தது. கூடத்தில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. சுமையா புதுச் சட்டையோடு பாயில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, யாருக்கோ காத்திருக்கிற பெரிய மனுஷி மாதிரி இருந்தாள். ஹஃப்சா அவளுக்கும் வாசலுக்கும் நடுவில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போனிலும் மழை பெய்தது.

முதலில் இங்கே பெய்கிற மழைதான் எதிரொலிக்கிறது என்று நினைத்தாள். காதில் வைத்துக் கேட்டாள். ரசியா பேகத்தின் ஆட்டுக்கொட்டகைத் தகரத்தில் மழை விழும்போது ஒரு கணகணப்பு வரும், கிழிந்த தகரம் காற்றில் அடித்துக்கொள்ளும். அது போனில் கேட்டது. அதற்கு ஒரு நொடி முன்னால்தான் தெருவில் கேட்டிருந்தது. ஈரமண்ணில் செருப்பில்லாத கால் பதிந்து, பிடுங்கி, பதிந்தது. அவசரம் இல்லாத நடை.

கொட்டகையினுள்ளே ஆடு ஒன்று கத்தியது. போனில் அது மிக அருகில் கத்தியது.

ஹஃப்சா எழுந்து ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். தெரு முழுக்கத் தண்ணீர். ஆள் இல்லை. தண்ணீரில் மழைத்துளி விழுந்து குழி குழியாகத் தெறித்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும், வாசல் கேட்டுக்கு நேராக, ஒரு முழ அகலத்துக்கு மழை தண்ணீரைத் தொடவில்லை.

கேட்டின் கொண்டி தூக்கப்படும் சத்தம். வெளியே. பிறகு போனில்.

"அத்தா" என்றாள் சுமையா. எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரு."

"அத்தா வந்துட்டாங்கம்மா. தொறங்க."

"ஒங்க அத்தா தம்மாம்ல இருக்காரு. உக்காருடி."

பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. ஹஃப்சா வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாள் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் விழுந்திருந்தன. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள், மரம் மறுபக்கம் குளிர்ந்திருப்பது தெரிந்தது. யாரும் தட்டவில்லை. கதவைத் தட்டிப் பழக்கமில்லாத ஆள் போல.

"யாரு?" என்று கத்தினாள்.

யாரு, என்றது போன். அவள் குரல்தான். ஒரு நொடி தள்ளி, தெளிவாக.

இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி. அமைப்புகளுக்குப் போனாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோல ஆக்குவது. நல்லதம்பி அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். சுமையா பிறந்த அன்று நர்ஸ் எடுத்த படம் அதில் இருந்தது. முதல் நடை இருந்தது. முதல் பல் இருந்தது. வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை, மெமரி நிறைந்திருக்கிறது என்று அது எடுக்கவே விடவில்லை. திரை ஒவ்வொரு தொடுதலுக்கும் திணறியது. விரல் வியர்த்து வழுக்கியது. எல்லாத் தரவும் நிரந்தரமாக அழியும், மீட்க முடியாது என்று எச்சரித்தது.

"அழியட்டும்" என்றாள். "புள்ள இருக்கா. படம் எதுக்கு?"

அழுத்தினாள்.

திரை கறுத்தது. பச்சைப் புள்ளி மட்டும் கறுப்பில் தனியாக நின்றது. பிறகு அதுவும் போயிற்று. போனில் இருந்த மழை நின்றது. வெளியே இருந்த மழை மட்டும் பெய்தது. உள்ளங்கையில் இருந்த சூடு மெல்ல இறங்கி, போன் வெறும் கண்ணாடியும் தகரமுமாக, எடையே குறைந்ததுபோல ஆனது.

"வெட்டிட்டேன்" என்றாள் கதவைப் பார்த்து. சிரிப்பு வந்தது. "கேட்டுச்சா? வெட்டிட்டேன். போங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மூச்சு இல்லை. காலடி இல்லை. அந்தப் போர்வை நாற்றம் மட்டும் போகவில்லை.

அப்போதுதான் அது உறைத்தது. அவள் யாரு என்று கத்தியபோது, போனில் வந்த அவள் குரல். கதவுக்கு வெளியே நின்று கேட்டால் மரத்தைத் தாண்டி மழையோடு மழையாக மங்கலாகத்தான் கேட்டிருக்கும். அப்படிக் கேட்கவில்லை. நடுவில் கதவே இல்லை. கூடத்துச் சுவரில் பட்டுத் திரும்புகிற முழக்கம் அதில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டால் கேட்கிற மாதிரி.

இரண்டு தாழ்ப்பாளும் உள்ளே போட்டவள் அவள்தான்.

திரும்பினாள்.

பாயில் பிள்ளை இல்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சம் அடுப்படி வாசல் வரைக்கும் போயிற்று. அங்கே சுமையா நின்றிருந்தாள். புதுச் சட்டையோடு. சிரித்துக்கொண்டு. ஒரு கையை மேலே தூக்கியிருந்தாள். கடைத்தெருவில் பெரியவர்கள் விரலைப் பிடித்து நடக்கிற பிள்ளை தூக்குகிற உயரத்துக்கு. விரல்கள் இறுக்கி மூடியிருந்தன. விரலுக்குள் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தரையில் தண்ணீர். இரண்டு பாத அகலத்துக்கு. பரவிக்கொண்டிருந்தது.

"அத்தா நனஞ்சிட்டாங்கம்மா" என்றாள். "என்னையத் தூக்கணுமாம்."

ஹஃப்சா ஓடவில்லை. ஓடினால் பயந்தவள் ஆகிவிடுவாள். நடந்தாள். நாலு எட்டு. பிள்ளையின் இன்னொரு கையைப் பிடித்தாள். மணிக்கட்டோடு சேர்த்து.

"விடுங்க."

மூடிய விரல்களுக்கு மேலே, இருட்டில், மூச்சு வந்தது. கனத்த மூச்சு. மூக்கடைத்த மூச்சு. அவள் நெற்றி முடி அசைந்தது.

"நீங்க பாத்தவருதான். சுமந்தவ நானு. விடுங்க."

இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

சுமையா சிரிப்பை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். அப்புறம் முதல்முறையாக அங்கே ஒரு முகத்தைச் சரியாகப் பார்த்தவள்போல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஹஃப்சா காலை நிலைப்படியில் ஊன்றிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்தாள். பல்லைக் கடித்தாள். விடவில்லை.

அதுவும் விடவில்லை. பிள்ளையின் பாதங்கள் தரையை விட்டு மெல்ல எழும்பின.